விழுந்த மரத்தின் பெயரை எழுதி வையுங்கள்

விழுப்புரம், விக்கிரவாண்டி, மயிலம், திண்டிவனம், வானூர் வட்டாரங்களில் மரம் நடும் அன்பர்களுக்கு, முண்டியம்பாக்கத்திலிருந்து ஒரு மடல்.

அடுத்த கன்றைக் குழியில் இறக்குவதற்கு முன் ஒரு வேலையைச் செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல். ஞாயிறு காலையில் மண்வெட்டியோடு ஏரிக்கரைக்கு வரும் இளைஞர் குழுக்களுக்கும், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கும், ஊராட்சிப் பணத்தில் கன்று வாங்கும் தலைவர்களுக்கும், மருத்துவக் கல்லூரி, சர்க்கரை ஆலை, பள்ளி என்று பெரிய வளாகங்களைப் பராமரிப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் உழைப்பில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் நட்ட மரங்களில் எவை நின்றன, எவை விழுந்தன, ஏன் விழுந்தன என்று உங்களில் எவரிடமும் எழுத்தில் இல்லை என்பதே என் மனக்குறை. 2024-இல் வந்த ஃபெஞ்சல் புயல் ஓய்ந்த சில நாட்களில் சாலையில் கிடந்ததெல்லாம் துண்டு துண்டாக அறுக்கப்பட்டு லாரி ஏறிப் போனது. போக்குவரத்துக்கு வழி விடத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் அறுக்கும் முன் இது என்ன மரம், எத்தனை வயது, வேரோடு பெயர்ந்ததா, நடுவில் முறிந்ததா என்று நாலு வரி குறித்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் செலவிடவில்லை. அடுத்த பருவத்தில் அதே இடத்தில் அதே இனக் கன்று, அதே அளவுக் குழியில் மறுபடியும் நடப்பட்டது.

நம் வட்டாரம் பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் இருவேறு சோதனைகளைச் சந்தித்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த 'தானே' ஒரு காற்றுப் புயல். மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து, சில மணி நேரத்தில் கடந்து போனது. 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், காற்றில் தானேயை எட்டவே இல்லை. ஆனால் கரையேறிய இடத்திலேயே நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2 காலை தென்மாவட்ட ரயில்கள் நின்றன. அரசூரில் தென்பெண்ணை வெள்ளம் தேசிய நெடுஞ்சாலையை மறித்தது. ஒன்று கிளையையும் தண்டையும் பிடித்து உலுக்கிய சோதனை; மற்றொன்று வேரின் பிடியைக் கரைத்த சோதனை. முதலாவதில் தேறிய மரம் இரண்டாவதில் தோற்றிருக்கலாம், மாறியும் நடந்திருக்கலாம். இரண்டையும் தாங்கி நிற்கும் மரம் எது என்று தெரிந்தால் நம் ஏரிக்கரைக்கு அதைவிடப் பெரிய ஆலோசனை வேறெங்கும் கிடைக்காது. அந்தத் தேர்வுத் தாள்களைத்தான் நாம் விறகுக் கடைக்கு அனுப்பிவிட்டோம்.

குறித்து வைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். வானூர் வட்டத்திலேயே ஆரோவில் இருக்கிறது. 1968-இல் அந்த மேட்டு நிலம் மழைநீர் அறுத்துப்போட்ட செம்மண் பொட்டல். அங்கே காடு வளர்த்தவர்கள் தொடக்கத்தில் பெரிதும் நம்பியது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியாவை. எந்த வறண்ட மண்ணிலும் விறுவிறுவென வளரும், இலை உதிர்த்து மண்ணை மூடும், நிழல் தரும். தானே புயலில் அங்கே திரள்திரளாகச் சாய்ந்ததும் அதே அகேசியாதான். அதன் நிழலில் மெதுவாக வளர்ந்துகொண்டிருந்த இந்தக் கடற்கரைப் பகுதிக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்கள் ஒப்பீட்டளவில் நன்றாகத் தாங்கின. அங்கிருந்தவர்களால் இதை உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், எந்த இடத்தில் எந்த மரத்தை எப்போது வைத்தோம் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது. ஆரோவில் தாவரவியல் பூங்காவின் மரப்பூங்காவில் நூற்றுக்கணக்கான இனங்களைத் தனித்தனியே அடையாளமிட்டு வளர்க்கிறார்கள். ஒரு மரப்பூங்காவைத் தோப்பிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தப் பெயரட்டையும் பதிவேடும்தான். பதிவேடு உள்ள இடத்தில் புயல் ஒரு பரிசோதனையாகிறது. இல்லாத இடத்தில் வெறும் இழப்பாக முடிகிறது.

இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1987 அக்டோபர் 15 நள்ளிரவு தாண்டி வீசிய பெரும்புயலில் அங்கே சுமார் 700 மரங்கள் விழுந்தன. கியூவின் கிளைத் தோட்டமான வேக்ஹர்ஸ்ட்டில் சுமார் 20,000. இருநூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் ஓக் மரம் அந்த இரவில் வேர்த்தட்டோடு மேலே தூக்கப்பட்டு மறுபடி அதே குழியில் அமர்ந்தது. இனி பிழைக்காது, ஆனால் இப்போது அறுக்க நேரமில்லை என்று முட்டுக்கொடுத்து விட்டுவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், புயலுக்கு முன் நலிந்திருந்த அந்த மரம் முன்னைவிடத் தழைத்திருந்தது. காரணம் தேடினார்கள். பார்வையாளர்களின் கால்பட்டுப் பட்டு வேரடி மண் இறுகிப்போயிருந்தது. புயல் மரத்தைத் தூக்கிப் போட்டதில் மண் நெகிழ்ந்து வேருக்கு மூச்சு கிடைத்தது. அதன்பிறகு முதிய மரங்களின் வேரடி மண்ணைக் காற்றழுத்தத்தால் நெகிழ்த்துவது அங்கே வழக்கமானது. அந்த ஓக்கின் புயலுக்கு முந்தைய நிலை யாருக்கும் தெரியாதிருந்தால், பிந்தைய தழைப்பும் யார் கண்ணிலும் பட்டிருக்காது. இறுகிய மண் நமக்கும் புதிதில்லை. நம் பேருந்து நிலையங்களில், பள்ளி வாசல்களில், கோயில் முன்றில்களில் வேரடி வரை சிமென்ட் பூசப்பட்ட வேம்புகள் எத்தனை!

இந்த இடத்தில் உங்களில் பலர் குறுக்கிடுவீர்கள் என்று தெரியும். 'விடை தெரிந்ததுதானே, நாட்டு மரம் வைத்தால் நிற்கும், வெளிநாட்டு மரம் வைத்தால் விழும், இதற்கு எதற்குப் பதிவேடு?' என்பீர்கள். அந்தச் சூத்திரத்தில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. தானேயில் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் அழிந்தன. முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது, சரி. ஆனால் அதே காற்றில் தலைமுறை தலைமுறையாகக் காய்த்த பலாக்களும் பெயர்ந்து விழுந்தன. பலாவை யார் வெளிநாட்டு மரம் என்பார்கள்? 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா, டெல்டாவில் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்தது. பக்கத்திலேயே பனை நின்றது. இரண்டுமே நம் மண்ணில் நெடுங்காலம் வேரூன்றியவை. வேறுபாடு அவற்றின் பூர்வீகத்தில் இல்லை, வேரிலும் தலைக்கனத்திலும் இருக்கிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையை உலுக்கியபோது தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் இயல்வாகையும் ஏராளமாக விழுந்தன. கூடவே வேம்பும் விழுந்தது. ஆக, 'நாட்டு மரம்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி விலைச்சீட்டில் பெயர் பார்த்துக் கன்று வாங்கினால் அடுத்த புயலில் நமக்கு வேறொரு ஏமாற்றம் காத்திருக்கும். திண்டிவனம் பக்கத்துப் பாறை மேலுள்ள மெல்லிய மண்ணில் நிற்கும் மரம், விக்கிரவாண்டி வயல்வெளி ஈரத்தில் நிற்க வேண்டும் என்பதில்லை. இனம், மண், நீர், நட்ட விதம் நான்கும் சேர்ந்தே விடை சொல்லும். அந்த விடையைச் சென்னையிலிருந்து யாரும் எழுதி அனுப்ப முடியாது. ஊர்தான் எழுத வேண்டும்.

நட்ட விதம் என்றேன். இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. விழா மேடையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எட்டடி உயரக் கன்றைத் தேடி வாங்குகிறீர்கள். பாலிதீன் பையில் அவ்வளவு நாள் வளர்ந்த கன்றின் வேர் பையின் சுவரில் முட்டி, வளைந்து, சுருண்டு கிடக்கும். அந்தச் சுருளை அறுத்து விரிக்காமல் அப்படியே குழியில் வைத்தால் மரம் பெருத்த பிறகும் வேர் அந்தச் சுருளை மறப்பதில்லை. மேலே இருபதடிக் கிளைபரப்பு, கீழே ஒரு பை அளவு பிடி. ஐம்பது சென்டிமீட்டர் மழையில் மண் கூழான பிறகு அதற்குப் புயல்கூட வேண்டாம். ஆலையும் பூவரசையும் போத்து வெட்டி ஊன்றுவது நம் பக்கத்துப் பழக்கம். சீக்கிரம் தழைக்கும், ஆடு கடிக்காது. ஆனால் போத்தில் வந்த மரத்துக்கு விதையில் வந்த மரம்போல் ஆணிவேர் அமைவதில்லை. வீட்டோரம், சாலையோரம் என்றால் இதை யோசித்தே வைக்க வேண்டும். நட்டபிறகு நடப்பவை வேறு கதை. குழாய் பதிக்க, கேபிள் புதைக்க ஜேசிபி ஒரு பக்கத்து வேரை அறுத்துவிட்டுப் போகும். மின்கம்பிக்காக மின்வாரியம் ஒரு பக்கத்துக் கிளையை மட்டும் கழிக்கும். நாலைந்து ஆண்டு கழித்து ஒரு புயலில் மரம் கிளையுள்ள பக்கமாகச் சாயும்போது 'இந்த மரமே இப்படித்தான்' என்று இனத்தின் தலையில் பழி விழும். வேரடியைப் பார்த்துக் குறிப்பெழுதும் ஒருவர் அங்கே இருந்தால் குற்றவாளி வேறு என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

குளிர்நாடுகளில் இதே கேள்வி வேறு உருவில் வருகிறது. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ மாகாணங்களில் விழுந்த தூறல் தொட்ட இடத்திலெல்லாம் பனிக்கட்டியாக உறைந்தது. மான்ட்ரியல் நகரின் மவுண்ட் ராயல் பூங்காவில் மரங்கள் பனியின் எடை தாங்காமல் கிளை கிளையாக முறிந்தன. அங்கே மரத்தின் பலவீனம் கவட்டையில் வெளிப்படுகிறது, நமக்கு வேரில். எனவே வெளிநாட்டு மரப்பூங்காக்களின் மரப்பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுடைய பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: விழுந்ததை அறுக்கும் முன் அளப்பது.

அறுப்பது பற்றியும் பேசிவிட வேண்டும். சாய்ந்த மரத்தைச் செத்த மரமாகக் கணக்கெடுப்பது நம் அவசரம். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் அடிமரம் 1989-இல் சூறைக்காற்றில் சாய்ந்தது. விழுதுகள் இன்றும் மரமாக நிற்கின்றன. ஹவுராவின் சிப்பூரிலுள்ள தாவரவியல் தோட்டம் 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் பெருமளவு மரங்களை இழந்தது. அவற்றில் அடிபட்ட அங்குள்ள பேராலமரத்தின் நடுத்தண்டு பூஞ்சை பிடித்து 1925-இல் அகற்றப்பட்டது. ஆனால் மரம் போகவில்லை. 2020 மே மாதத்து ஆம்பன் புயலில் மறுபடி அடிபட்டு அதையும் தாண்டியிருக்கிறது. ஆலுக்கு விழுது உண்டு, மற்றவற்றுக்கு என்ன என்று கேட்பீர்கள். வேம்பு, புங்கம், பூவரசு, புளி எல்லாம் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பவை. இளமரமாக இருந்து வேரின் ஒரு பகுதி மண்ணில் பிடிப்போடு இருந்தால், கிளையைக் குறைத்து, வெளியே தெரியும் வேரை ஈரச் சாக்கால் மூடி, ஓரிரு நாளில் நிமிர்த்தி முட்டுக்கொடுத்துக் காப்பாற்றலாம். இங்கிலாந்தின் காட்டு வரலாற்றறிஞர் ஆலிவர் ராக்கம் 1987-க்குப் பிறகு திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான்: விழுந்த மரம் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது, பல இடங்களில் புயலைவிடத் துப்புரவுப் பணி அதிகம் கெடுத்துவிட்டது. ஆபத்தான மரத்தை விட்டுவைக்கச் சொல்லவில்லை. வகுப்பறை மேலும், மின்கம்பி மேலும், ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் வரும் வழியிலும் சாய்ந்திருப்பதை உடனே அகற்றுங்கள். மனித உயிருக்கு முன் எந்த மரமும் பெரிதில்லை. ஏரிக்கரையிலும் மைதான ஓரத்திலும் யாருக்கும் இடைஞ்சலில்லாமல் சாய்ந்திருப்பதற்கு என்ன அவசரம்? பொது நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. புயல் வந்தால் அந்த ஏற்பாடும் மரத்தோடு சேர்ந்து சாய்ந்துவிடுகிறது. நல்ல மரத்தின் மேல் கண் வைத்துக் காத்திருந்தவர்களுக்குப் புயல் ஒரு வசதி என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான்.

'இதற்கெல்லாம் ஆள் ஏது, நேரம் ஏது, இது வனத்துறை வேலை அல்லவா?' என்பது அடுத்த மறுப்பு. வனத்துறைக்கு வனம் இருக்கிறது. ஊர்ப் பொதுமரங்களை ஒவ்வொன்றாக எண்ண அவர்களிடம் ஆள் இல்லை. உங்களிடம் இருக்கிறது. ஒரு நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஏழு நாள். ஐம்பது மாணவர்கள், அளவுநாடாவும் கைப்பேசியும். சராசரி ஊராட்சி ஒன்றின் சாலையோர, ஏரிக்கரை, வளாக மரங்களை எண்ணி முடிக்க அந்த ஒரு முகாமே பெரும்பாலும் போதும். எழுதிய ஏட்டை எங்கே வைப்பது என்ற கவலையும் வேண்டாம். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சிக்கும் அந்தக் கடமை உண்டு. அலுவலக அலமாரியைத் திறந்து அந்தப் பதிவேடு எங்கே, கடைசியாக அதில் எப்போது எழுதப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கு நிரப்பப்பட்ட ஏடாக இருந்தாலும் பரவாயில்லை, மரப் பகுதியை நீங்கள் உயிர்ப்பிக்கலாம். புதிய சட்டம், புதிய நிதி எதுவும் தேவையில்லை. (திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து கல்லாய்ப் போன மரங்களுக்கு அரசு வேலி போட்டுப் பாதுகாக்கிறது, அவை எந்த மரக் குடும்பம் என்றுகூட அறிஞர்கள் கண்டுசொல்லியிருக்கிறார்கள். அதே மாவட்டத்தில் 2024-இல் வெள்ளத்தில் விழுந்த மரங்களுக்குத்தான் பெயர் இல்லை.)

நிழல் உடனே வேண்டும், காட்டு மரங்கள் மெதுவாக வளர்பவை, பத்து வருடம் யார் காத்திருப்பது என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். மே மாத வெயிலில் பேருந்துக்கு நிற்பவருக்குப் பத்து வருடக் கணக்கு சொல்ல முடியாது. ஆரோவில் அனுபவமே இதற்கு வழி காட்டுகிறது. அகேசியாவை நட்டது தவறாகிவிடவில்லை. அது பொட்டலை மண்ணாக்கியது, அதன் நிழலில்தான் மற்றவை எழுந்தன. விரைந்து வளர்வது முன்னே, நிலைத்து நிற்பது பின்னே என்று இரண்டையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வையுங்கள். பின்னது தோளுயரம் வந்ததும் முன்னதைக் கழிக்கத் தொடங்குங்கள். இதற்கும் எழுத்து வேண்டும். எது தற்காலிகம், எது நிரந்தரம், எந்த ஆண்டில் எதைக் கழிக்க வேண்டும் என்று குறிப்பு இல்லாவிட்டால் தற்காலிகமே தங்கிவிடும். தலைவர் மாறுவார், ஆசிரியர் மாற்றலாகிப் போவார், குழுவில் பாதிப் பேர் வேலைக்காக வெளியூர் போவார்கள். நடவுத் திட்டத்துக்கு நினைவாற்றல் ஏட்டில் இருந்தால்தான் உண்டு.

கன்று கிடைப்பதில்லை என்று சொல்வீர்கள், அது உண்மையும்கூட. நாற்றங்கால்களில் எளிதில் முளைப்பதும் வேகமாக விற்பதும்தான் வரிசையாக நிற்கின்றன. வீரையும் உலக்கைப்பாலையும் காசாவும் கேட்டால் பல இடங்களில் பெயரே புரிவதில்லை. ஆனால் நாற்றங்கால்காரர் கேட்பதைத்தான் வளர்ப்பார். நூறு குழுக்கள் பூப்பூக்கும் அலங்கார மரம் கேட்டால் அதையே வளர்ப்பார். நாற்பது ஊராட்சிகள் ஓராண்டு முன்னதாக எழுத்தில் இத்தனை இலுப்பை, இத்தனை நாவல், இத்தனை மகிழம் என்று கேட்டால் அதையும் வளர்ப்பார். விதை எங்கிருந்து என்றால், அங்கேதான் பதிவேடு இரண்டாம் முறை உதவுகிறது. இரண்டு புயலிலும் அசையாமல் நின்ற மரத்தை இடத்தோடு குறித்து வைத்தீர்களானால் அதுவே உங்கள் விதைமரம். மரக்காணம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு நம் கடற்கரைக் காடு எப்படி இருந்தது என்பதற்கு எஞ்சியிருக்கும் சாட்சி. அங்கே போய்ப் பாருங்கள், எந்த மரம் எதனோடு சேர்ந்து வளர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாக்கோடு போய் விதையை வாரிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்தக் காட்டுக்கு அதன் விதை தேவை, ஊருக்கு அதன் கட்டுப்பாடும் உண்டு. பனங்கொட்டை ஊன்றுபவர்களுக்குத் தனியே ஒன்று: ஏரிக்கரையில் நெருக்கி ஊன்றி, படம் எடுத்து, மறுவருடம் ஏரியைத் தூர்வார வரும் ஜேசிபிக்குப் பலி கொடுக்காதீர்கள். பனை முதல் சில ஆண்டுகள் மேலே எழாமல் மண்ணுக்குள்தான் பிடி தேடும். அந்த இடம் பதிவேட்டில் இருந்தால் பொதுப்பணியாளரிடம் காட்டி நிறுத்தலாம்.

கடைசியாக எண்ணிக்கை. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம் மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்கிறது. நல்ல இலக்கு. ஆனால் இலக்கு கீழே இறங்கி வரும்போது 'எத்தனை கன்று நட்டாய்?' என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு ஒரே குழியில் ஐந்து ஆண்டு ஐந்து கன்று நட்டவர் ஐந்து என்று பதில் சொல்வார், ஒரு கன்றை நட்டு மரமாக்கியவர் ஒன்று என்பார். யாருக்குப் பாராட்டு என்று சொல்லத் தேவையில்லை. இந்தக் கணக்குமுறையை மேலே உள்ளவர்கள் மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆண்டறிக்கையில் நட்ட எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மூன்றாம் ஆண்டில் உயிரோடிருப்பது, புயலுக்குப் பின் நின்றது என்று இன்னும் இரண்டு கட்டம் சேர்த்து அனுப்புங்கள். முதல் ஆண்டில் அந்த எண்கள் வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக உங்கள் ஊராட்சியிலோ வளாகத்திலோ நடந்து, நிற்கும் மரங்களையும் விழுந்தவற்றின் அடிக்கட்டைகளையும் எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரில் வழங்கும் பெயர், இடம், நாலரை அடி உயரத்தில் சுற்றளவு, நிலை, வேரடியில் சிமென்ட்டா மண்ணா, பக்கத்தில் பள்ளம் தோண்டியதுண்டா, யார் எந்த ஆண்டு வைத்தது, விதையா கன்றா போத்தா என்று எழுதுங்கள். தானே, ஃபெஞ்சல் இரண்டிலும் விழுந்தவற்றை ஊரில் வயதானவர்களிடம் கேட்டுச் சேருங்கள். ஆடு மேய்ப்பவர்களும் மரம் ஏறுபவர்களும் சொல்லும் பெயரையே எழுதுங்கள், தாவரவியல் பெயரைப் பிறகு கல்லூரி ஆசிரியர் ஒருவர் சேர்த்துக்கொள்வார். அக்டோபர் 2 கிராம சபையில் அந்தப் பட்டியலை வாசித்து, பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கத் தீர்மானம் போடுங்கள். பட்டியல் முடியும் வரை, ஏற்கெனவே விழுந்த இனத்தை விழுந்த இடத்தில் மறுபடி வைப்பதை மட்டுமாவது நிறுத்தி வையுங்கள். முண்டியம்பாக்கத்தில் இதைத் தொடங்க விரும்பும் வளாகம் எதுவாயினும், தன் சாலைமுகப்பு மரங்களிலிருந்து தொடங்கட்டும். முடித்த பட்டியலின் ஒரு படியைப் பக்கத்து ஊராட்சிக்கும் கொடுக்கட்டும்.

அன்புடன்,
முண்டியம்பாக்கத்துக் குடிமகன் ஒருவன்